மெமோவில் ஒரு வார்த்தை

"சாமி, இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அர்த்தம் சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

பாவாத்தாள் காகிதத்தைத் தரையில் அறைந்து வைத்தாள்.

நல்லமங்கை எடுத்துப் படித்தாள். இங்கிலீஷில் ஒரு பக்க மெமோ. ஒரு சொல்லுக்கு அடியில் மட்டும் பாவாத்தாள் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தாள். அழுத்திய அழுத்தில் காகிதம் கிழிந்திருந்தது.

ரெஸ்ட்ரெயின்ட்.

பாவாத்தாளுக்கு ஐம்பத்தேழு வயது. கருக்கம்பாளையம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நல்லமங்கைக்கு முப்பத்து மூன்றுதான். ஒரு காலத்தில் பாவாத்தாள் கையால் சோறு வாங்கித் தின்ற பிள்ளை. கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்து, அதையும் உதறிவிட்டுக் குன்றடியில் ஓர் ஒற்றை அறையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல மாட்டாள். ஊர் அவளைச் சாமி என்றது. சாமியோ இவளை இன்னும் டீச்சர் என்றே கூப்பிட்டாள்.

"என்ன நடந்துச்சுங்க, டீச்சர்?"

"பஞ்சாயத்து பிரசிடெண்ட் அம்மாவோட வீட்டுக்காரரு வந்தாருங்க. அவரு வீட்டு விசேசத்துக்குப் பள்ளிக்கூடத்து அண்டா ரெண்டையும் குடுன்னாரு. பசங்களுக்குச் சோறாக்கோணும், தரமாட்டேன்னேன். அண்டாவை எட்டி உதைச்சாருங்க. சோத்தோட. நூத்திப்பத்துப் பசங்க தட்டு வெச்சுட்டு நிக்கறாங்க. சோறு மண்ணுல கெடக்குது."

"ம்."

"'உன்ற வேலையே நான் போட்ட பிச்சை'ன்னாரு. கரண்டியை ஓங்கிட்டேன். அடிக்கலைங்க. 'நீயெல்லாம் மனுசனாடா'ன்னு கேட்டேன். அதுக்கு இந்த மெமோ."

"என்ன எழுதச் சொல்றாங்க?"

"எனக்கு இந்த ரெஸ்ட்ரெயின்ட் இல்லாமப் போச்சு, மன்னிச்சுக்கோங்கன்னு எழுதி, திங்கக்கெழமை பதினோரு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டு வெக்கோணுமாம். இல்லைன்னா வேலை இல்லை. முப்பது வருச வேலைங்க சாமி!"

உதைத்தவனுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூடப் போகவில்லை. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. நம் அலுவலகங்களுக்கு இந்தப் பழமொழி ஒன்று போதும், தனியாகச் சட்டம் வேண்டியதில்லை.

"போன்ல பாத்தேனுங்க. அடக்கம், நிதானம், கட்டுப்பாடுன்னு வருது. அதெல்லாம் எனக்கு இல்லையாமா?"

"போன்ல பாதிதான் இருக்கும்" என்றாள் நல்லமங்கை. "மீதி ஊருக்குள்ள இருக்குது. போய்க் கேட்டுட்டு வாங்க."

"எங்க ஊர்ல யாருக்கு இங்கிலீசு தெரியும்?"

"இங்கிலீஷ் வேண்டாங்க. அடங்கிப் போ, பொறுத்துக்கோ, கன்ட்ரோல் பண்ணிக்கோ, எப்படிச் சொல்லியிருந்தாலும் சரி. யாரு சொன்னாங்க, யாருக்குச் சொன்னாங்க. அது ரெண்டை மட்டும் கேளுங்க."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பாவாத்தாளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் போனாள்.


மறுநாள் ஞாயிறு. உச்சி வெயிலில் வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"பனியன் கம்பெனிக்குப் போற புள்ளை ஒருத்தி. சூப்பர்வைசர் கையைப் புடிச்சிருக்கான். மேனேஜர் அவளைக் கூப்புட்டு, டென்சன் ஆகாதம்மான்னு சொன்னாராம். அவளைக் கூப்புட்டுங்க!"

"ம்."

"பால் சொசைட்டியில அளவு கொறையுதுன்னு கேட்ட மனுசனுக்கு, கொஞ்சம் கன்ட்ரோலாப் பேசுங்கன்னு செகரட்டரி சொன்னாராம். புருசன் அடிச்சு ஒருத்திக்குப் பல்லு போச்சு. பெத்த தாயே வந்து, வாயை அடக்கி வாழுடீன்னு சொல்லிட்டுப் போயிருக்கா."

"அடிச்ச புருசனுக்கு?"

"அவனுக்கு யாரு சொல்லுவா? பிரசிடெண்ட் வீட்டுக்காரரோட டிரைவரையும் கேட்டேனுங்க. 'உங்க ஐயாவுக்கு யாராச்சும் கன்ட்ரோல் பண்ணிக்கச் சொல்லியிருக்காங்களா'ன்னு. சிரிக்கறான். வண்டியை ஓரமா நிறுத்திட்டுச் சிரிக்கறான்!"

அவள் குரல் உடைந்தது. கோபத்தில்தான்.

"அடி வாங்குனவங்களுக்குத்தான் சொல்லியிருக்காங்க. எந்த வீட்டுலயும் குடுத்தவனுக்குச் சொல்லலை. ஊருக்கு இளைச்சவன் புள்ளையார் கோயில் ஆண்டின்னு சும்மாவா சொன்னாங்க? இதுக்கு நான் கையெழுத்துப் போடோணுமா?"

"எல்லாரையும் கேட்டாச்சுங்களா, டீச்சர்?"

"ஒரு வீடு விடலைங்க."

நல்லமங்கை எழுந்தாள். கஞ்சி வைத்து அடிப்பிடித்த பாத்திரம் ஒன்று மூலையில் கிடந்தது. அதை வெளியே எடுத்துப் போய், சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது.

பாவாத்தாள் பார்த்துக்கொண்டே நின்றாள். பொறுக்கவில்லை.

"குடுங்க சாமி. நீங்க எதுக்குக் கரியில கையை வெச்சுட்டு? எங்க பள்ளிக்கூடத்துல இதுக்குன்னே ரங்கா..."

அங்கேயே நின்றுவிட்டாள்.

நல்லமங்கை தலையை நிமிர்த்தவில்லை.

ரங்காள் காலனிக்காரி. ஆறு வருடத்துக்கு முன்பு அரசாங்க உத்தரவோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தவள். வந்தது சமையலராக. முதல் நாளே மேலத்தெருப் பெற்றோர் பத்துப் பேர் வாசலில் வந்து நின்றார்கள். அவள் ஆக்கினால் எங்கள் பிள்ளைகள் தின்னாது என்றார்கள். பாவாத்தாளும் மேலத்தெருதான். ரங்காள் கையிலிருந்த கரண்டியை வாங்கி உதவியாளரிடம் கொடுத்தாள். ரங்காளைக் கொல்லைப்புறத்துக் கல்லடியில் பாத்திரம் தேய்க்க உட்கார வைத்தாள். கொஞ்ச நாளைக்குத்தான், பொறுத்துக்கோ என்றாள்.

ஒரு வீடு விடவில்லையாம்! காலனிப் பக்கம் அவள் எட்டியே பார்க்கவில்லை. அது அவளுக்கே இப்போதுதான் உறைத்தது.

செருப்பை மாட்டாமலே வீட்டைப் பார்த்து இறங்கி நடந்தாள்.


திங்கட்கிழமை காலை. பள்ளிக்கூடத்துக் கொல்லைப்புறம். விறகடுப்பில் வெந்து கறுத்த அண்டாக்களுக்கு நடுவே ரங்காள் குத்தவைத்திருந்தாள்.

பாவாத்தாள் எதிரில் வந்து நின்றாள். கையில் சாம்பார் கரண்டி.

"ரங்கா, உன்னைய ஒண்ணு கேக்கோணும். அடங்கிப் போ, கன்ட்ரோல் பண்ணிக்கோன்னு உனக்கு யாராச்சும் சொல்லியிருக்காங்களா?"

ரங்காளின் கை நிற்கவில்லை.

"ஒருத்தருதானுங்க சொன்னாங்க. ஆறு வருசமாச்சு."

"யாரு?"

"நீங்கதானுங்க, டீச்சர்."

எதிர்பார்த்து வந்த பதில்தான். கரண்டியை நீட்டினாள்.

"எந்திரி. இன்னைக்கு நீதான் ஆக்கோணும்."

ரங்காள் எழுந்தாள். கரண்டியை வாங்கவில்லை.

"உங்க அண்டாவை ஒருத்தன் உதைச்சப்புறந்தான் என்ற ஞாபகம் வந்துதுங்களா? நீங்க என்ற கையில இருந்து கரண்டியைப் புடுங்குனப்ப நான் ஓங்கலைங்க. ஓங்கியிருந்தா அன்னைக்கே தொரத்தியிருப்பாங்க. நீங்க ஓங்குனீங்க, மெமோவோட நிக்குது. மன்னிப்புக் கேட்டா அதுவும் போயிரும். இந்த ஆறு வருசத்துல என்ற மவன் இதே பள்ளிக்கூடத்துலதானுங்க படிச்சான். அம்மா கையால ஆக்குன சோத்தை ஒரு நாளாச்சும் இங்க அவன் தின்னிருப்பானுங்களா?"

பாவாத்தாளுக்குப் பதில் தொண்டை வரைக்கும் வந்தது. உன் வேலையைக் காப்பாற்றத்தானே செய்தேன். ஊரைப் பகைத்துக்கொண்டு நான் எப்படி இருப்பது? நான் உனக்கு ஏதாவது குறை வைத்தேனா? முப்பது வருடமாக அந்தச் சமையல்கட்டில் அவள் சொல்வதுதான் கடைசி வார்த்தை. எதிர்த்துப் பேசியவர்கள் எவரும் அங்கே நிலைத்ததில்லை.

வாயைத் திறந்தாள்.

மூடிக்கொண்டாள்.

கரண்டியைக் கல்லின் மேல் வைத்தாள். ரங்காளின் கையிலிருந்த நாரை வாங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கரி அண்டாவின் முன்னால் உட்கார்ந்தாள்.

ரங்காள் தொட்டியில் முழங்கை வரை கழுவினாள். கரண்டியை எடுத்துக்கொண்டு, ஆறு வருடமாகத் தாண்டாத வாசற்படியைத் தாண்டி உள்ளே போனாள்.


சரியாகப் பதினோரு மணிக்கு யூனியன் ஆபீஸ் ஜீப் வந்தது. அதிகாரியோடு பிரசிடெண்ட் அம்மாவின் வீட்டுக்காரரும் இறங்கினார். உள்ளேயிருந்து தாளிக்கிற வாசம் கொல்லை வரைக்கும் வந்தது.

"என்ன டீச்சர், நீங்க இங்க உக்காந்திருக்கீங்க? உள்ள யாரு சமைக்கறது?" என்றார் அதிகாரி.

"சமையலருங்க. பேரு ரங்காள்."

வீட்டுக்காரரின் முகம் மாறியது. "ஏ, யாரைக் கேட்டு..." என்று ஆரம்பித்தார்.

"ஐயா, கொஞ்சம் கன்ட்ரோல் பண்ணிக்கோங்க" என்றாள் பாவாத்தாள்.

அந்த மனிதரிடம் இதை யாரும் சொன்னதில்லை. அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி பையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"அதெல்லாம் அப்புறம். கையெழுத்து என்னாச்சும்மா? மணி பதினொண்ணு."

பாவாத்தாள் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் கரி.

"கை காலியில்லைங்க சார். ஆறு வருசத்துப் பாத்திரம் கெடக்குது."