கரடிப் பிரபுவின் முப்பது அடி

கட்டலோனியாவின் பிரனீஸ் மலைக்காட்டைச் சுன்யேர் என்ற கரடிப் பிரபு ஆண்டுவந்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. நடுக்காட்டில் கல்லால் கட்டிய சின்னத் தேவாலயம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் பிரபு அதன் வாசலிலிருந்து முப்பது அடி எடுத்து வைக்கும். கடைசி அடி விழும் இடம்தான் எல்லை; அதற்குள் வாழும் எந்த உயிரையும் யாரும் தொடக்கூடாது. பட்டம் ஏற்கும்போது பிரபு கொடுக்கும் வாக்கு அது.

பட்டமேற்ற அன்று சுன்யேர் நடந்த நடை இருக்கிறதே, அப்பப்பா! ஓர் அடிக்கு ஒரு மரத்தைத் தாண்டியது. முயல்களும் அணில்களும் அந்த எல்லைக்குள் நிம்மதியாகக் குடியேறின. பக்கத்து மலைக் காட்டுப்பன்றிகள் படையெடுத்து வந்தபோதும் சுன்யேர்தான் முன்னால் நின்று விரட்டியது.

யாருக்குத்தான் வயதாகாது? சுன்யேருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, நடை தளர்ந்தது. இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மகள் கீஸ்லா பலமுறை சொல்லிப் பார்த்தது. சேனாபதி ஓநாய் ஊகெத் விட்டால்தானே! இப்படியொரு கம்பீர நடை எந்த இளவட்டத்துக்கு வரும் என்று வருஷா வருஷம் காதில் ஊதியது. பிரபுவுக்கு உச்சி குளிர்ந்துபோகும். பதவியை விடவே இல்லை.

ஓநாய்க்கு அவ்வளவு பாசமா? பாசமும் இல்லை, ஒன்றும் இல்லை. அடி குறையக் குறைய எல்லைக்கு வெளியே விடப்பட்டவர்கள் எல்லாம் அதற்கு விருந்து. போன வருஷம் ஓர் அணில் குடும்பமே காணாமல் போயிற்று.

இந்த வருஷம் எல்லை ஓரத்தில் இருந்தது சான்சா என்ற முயலின் வளை. உள்ளே கண் திறக்காத நாலு குட்டிகள். பிரபு நடந்தது, ஓநாய் அடிகளை எண்ணியது. முப்பதாவது அடி வளைக்கு இந்தப் பக்கமே முடிந்துபோனது. ஓநாய்க்கு நாக்கில் எச்சில் ஊறியது.

சான்சா நடுங்கிக்கொண்டே பிரபுவின் முன்னால் வந்து நின்றது.

"பிரபுவே, அன்றைக்கு இதே முப்பது அடி அந்த ஓடை வரைக்கும் போச்சு. உங்க வாக்கை நம்பித்தான் நான் குடிவந்தேன். உங்க நடை தளர்ந்தா வாக்கும் தளரணுமா?"

சுன்யேர் ஓடையைப் பார்த்தது. தன் கால்களைப் பார்த்தது. வெட்கமாக இருந்தது. இன்னும் பத்து அடி வைக்கலாமா என்று கேட்டது.

"கூடாது! பிரபுவின் முப்பது அடிதான் வழக்கம்" என்றது ஓநாய்.

"சரியாகச் சொன்னாய்" என்ற சுன்யேர், தன் கிரீடத்தைக் கழற்றி மகளின் தலையில் வைத்தது. "இனி இந்தக் காட்டுக்குப் பிரபு இவள்தான். கீஸ்லா, வாசலுக்குப் போ. முதலிலிருந்து நட!"

கீஸ்லா நடந்தது. இருபதாவது அடியிலேயே வளையைத் தாண்டிவிட்டது. முப்பதாவது அடி ஓடைக்கு அப்பால் விழுந்தது. ஓநாய் வாலைச் சுருட்டிக்கொண்டு நழுவியது.

சான்சா குட்டிகளிடம் ஓடியது. கிழட்டுக் கரடி அந்த அணில் குடும்பத்தை நினைத்து அழுதது. போன வருஷமே பதவியை விட்டு இறங்கியிருக்கலாமே என்று மகளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனது.

கொடுத்த வாக்கைக் காக்கத் தன்னால் முடியாதபோது, முடிந்தவரிடம் பதவியைத் தாமதிக்காமல் கொடுப்பவரே நல்ல தலைவர்.