சொக்க என்று அடித்தால்

“அம்மா, ஒரு வீடியோ போடணும். நல்ல நேரம் பார்த்துச் சொல்லணும்.”

ஆவுடையம்மை ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“கல்யாணத்துக்குக் கேட்டு வந்திருக்காங்க. வீடு கட்டக் கேட்டு வந்திருக்காங்க. வீடியோவுக்கு வந்தது நீதான்யா முதல்ல.”

“இது டிரெண்டிங் ஆகணும்மா. ராகு காலத்துல போட்டு வீணாப் போயிடக் கூடாது.”

கேட்டவர் சொக்கலிங்கம். மதுரைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். செல்போனில் எதை எப்படித் தேடுவது என்று சாதாரண ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் சேனல் ஒன்று நடத்துகிறார்.

ஆவுடையம்மை அழகர்மலை அடிவாரத்தில் ஓட்டுக்கூரை மடம் ஒன்றில் இருப்பவர். சொக்கலிங்கத்தைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் சொக்கலிங்கம் அவரைத்தான் குரு என்று வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டால், “வேற யார் திட்டினாலும் எனக்குக் கோபம் வருது. அந்தம்மா திட்டினா வர மாட்டேங்குது” என்பார்.

“வீடியோ யாரைப் பத்தி?”

“என் சகலையைப் பத்தி.”

அம்மா இப்போதுதான் திரும்பினார்.

சகலை என்கிற உறவை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே வீட்டில் பெண் எடுத்த பாவத்துக்கு இரண்டு ஆண்கள் ஆயுசு முழுக்க ஒருத்தரை ஒருத்தர் அளந்துகொண்டே இருப்பார்கள். யார் வீட்டு மாடி உசரம், யார் பிள்ளை இங்கிலீஷ் பேசுகிறது, மாமியார் யார் இலையில் இன்னொரு வடை வைத்தாள். வெளியே சண்டை என்று ஒன்றும் இருக்காது. உள்ளே வயிறு எரிந்துகொண்டிருக்கும்.

இதில் பேரும் ஒத்துப்போனால் கேட்கவே வேண்டாம். மூத்த மாப்பிள்ளை சொக்கலிங்கம். இளைய மாப்பிள்ளை சொக்கநாதன். மாமியார் வீட்டில் பெரிய சொக்கர், சின்ன சொக்கர்.

“அவனுக்குப் போனைப் பிடிக்கவே தெரியாதும்மா. நான்தான் பக்கத்துல உட்கார வச்சுச் சொல்லிக்கொடுத்தேன். குரலால தேடுறது எப்படி, படத்தைக் காட்டித் தேடுறது எப்படி, அத்தனையும். கடைசியில அவனும் ஒரு சேனல் ஆரம்பிச்சுட்டான். அதே விஷயம். நான் சொன்ன அதே வார்த்தை. ஆனா ஆடிக்கிட்டே சொல்றாம்மா!”

“ஆடிக்கிட்டா?”

“வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, அன்னைக்கு எந்தப் பாட்டு டிரெண்டிங்கோ அந்தப் பாட்டுக்கு ஆடுறான். ஆடிக்கிட்டே, ‘மேற்கோள் குறிக்குள்ள போட்டுத் தேடுங்க, சொன்ன வார்த்தை சொன்னபடி வரும்’ங்கிறான். அதை லட்சம் பேர் பார்க்கிறாங்க. நான் பலகை வச்சு, எழுதிக் காட்டி, புரியிற மாதிரி சொல்றேன். அதைப் பார்க்கிறது யாரு? என் பொண்டாட்டி. அவளும் பாதியில அடுப்பைப் பார்க்க எழுந்து போயிடுறா.”

அம்மா சிரித்துவிட்டார்.

“சிரிக்காதீங்கம்மா. எரியுது.”

“சரி, சொல்லு.”

“போன மாசம் கையில கேடயத்தோட ஒரு படம் போட்டான். சிறந்த இணைய ஆசான்னு ஏதோ விருதாம். எனக்கு அப்பவே சந்தேகம். அந்தப் படத்தையே போட்டுத் தேடினேன். கிடைச்சிடுச்சு!”

வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது.

“அது எவனோ கபடியில ஜெயிச்ச கேடயம்மா! எழுத்தை அழிச்சுட்டு, தன் பேரை ஒட்டி, பக்கத்துல தன் மூஞ்சியையும் ஒட்டியிருக்கான். ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வீடியோ பண்ணிட்டேன். அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அவன் கதை கந்தல்.”

“எப்பப் போடணும்?”

“ஞாயித்துக்கிழமை. அவன் மகளுக்கு அன்னைக்குக் காதுகுத்து. சொந்தபந்தம் எல்லாம் ஒரே மண்டபத்துல இருக்கும். அத்தனை பேர் போன்லயும் இது ஓடணும்.”

“பிள்ளையை யார் மடியில வச்சுக் குத்துறாங்க?”

சொக்கலிங்கம் ஆட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“என் மடியிலதான்.”

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். ஆனால் அக்கா தங்கை இருவருக்கும் கூடப் பிறந்த ஆண் கிடையாது. ஒன்றுவிட்ட மாமன்கள் இருந்தார்கள். சின்ன சொக்கரோ, “எங்க அண்ணன் மடியிலதான்” என்று ஒற்றைக் காலில் நின்றுவிட்டார். பெரியப்பன் மடியில் குத்துவது என்ன முறை என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“உன் வீட்டுக்காரி என்ன சொல்றா?”

“‘இதைப் போட்டீங்கன்னா என் தங்கச்சி வாசப்படியை நான் சாகுற வரைக்கும் மிதிக்க முடியாது’ங்கிறா. அழுறா. அவளுக்கு இருக்கிறது ஒரே தங்கச்சிம்மா.”

“அது தெரியுதுல்ல?”

“அதுவும் தெரியுது. இதுவும் எரியுது.”

அம்மா தழையை இறுக்கிக் கட்டி முடித்தார். பிறகு, “நேரம் கிடக்கட்டும். குட்டிக்கு வயிறு சரியில்லை. ஆட்டுக் குட்டிக்கு என்ன கொடுக்கலாம்னு உன் போன்ல தேடிச் சொல்லு” என்றார்.

சொக்கலிங்கத்துக்குத் தெரிந்த தொழில் கைக்கு வந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘ஆட்’ என்று அடித்தார். அடித்தவர் சட்டென்று விரலால் எதையோ தள்ளிவிட்டார்.

“என்னய்யா வருது?”

“ஒண்ணுமில்லம்மா.”

“காட்டு.”

காட்டினார். அம்மா வாய்விட்டுப் படித்தார்.

“ஆட்டம் சொக்கநாதன் புதுசு.”

“அது வந்தும்மா...”

“சரி, ஆட்டை விடு. குட்டின்னு அடி.”

அடித்தார். அம்மா படித்தார்.

“குட்டிக்கரணம் சொக்கநாதன். குட்டிக்கரணம் வேற அடிச்சானா?”

“தீபாவளிக்கும்மா.”

“அது ஏன்யா எதைத் தட்டினாலும் அவனே வர்றான்?”

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் இருக்குமா அவருக்கு?

“நாம அடிக்கடி தேடுறதை இது ஞாபகம் வச்சுக்கும்மா. ரெண்டு எழுத்து அடிச்சதுமே, இவரு இதைத்தான் கேட்கப் போறாருன்னு முந்திக்கிட்டு நீட்டும். ஆளுக்கு ஆள் வேற வேற நீட்டும். இதைப் பத்தி நானே விளக்கமா ஒரு வீடியோ போட்டிருக்கேன்.”

“எத்தனை பேர் பார்த்தாங்க?”

அவர் போனைச் சட்டைப்பையில் போடப் போனார்.

“உன் பேரை அடி,” என்றார் அம்மா.

‘சொக்க’ வரைக்கும் அடித்தார். சொக்கநாதன் என்று வந்தது. சொக்கநாதன் ஆட்டம். சொக்கநாதன் விருது உண்மையா. பல்லைக் கடித்துக்கொண்டு தன் பேரை முழுசாக அடித்தார். அப்போதும் விடவில்லை. ‘இதையா தேடுகிறீர்கள்: சொக்கநாதன்?’ என்று மரியாதையாகக் கேட்டது.

அவர் முகம் சுண்டிப்போனது. அம்மா அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

“பார்த்தீங்களாம்மா?” என்று கத்தினார் சொக்கலிங்கம். “என் போன்லகூட அவன்தான்! அதையும் பிடிச்சுட்டான்!”

அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

“எழுந்திருய்யா. நேரம் கேட்டேல்ல? சொல்றேன். ஞாயித்துக்கிழமை போ. பிள்ளையை மடியில வச்சுக்கோ. குத்தி முடிஞ்சதும் உன் சகலை போனை வாங்கு. வாங்கி, ‘சொக்க’ன்னு மட்டும் அடி. பார்த்துட்டு உன் வீடியோவைப் போடு. அதுதான் நல்ல நேரம்.”

“அவன் போன்ல என்னம்மா இருக்கும்?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“அவன் பேர்தான் இருக்கும். தன்னைத் தானே பார்த்துப் பார்த்து ரசிக்கிறவன் அவன்.”

“அப்பப் போட்டுட்டுப் போயேன். யார் தடுத்தா?”

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

மண்டபத்தில் நுழைந்ததுமே சொக்கலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டது. சின்ன சொக்கரைச் சுற்றி ஒரே கூட்டம். பட்டு வேட்டியில் நின்று ஆளாளுக்கு செல்ஃபிக்கு முகம் கொடுத்துக்கொண்டிருந்தார். சமையல்காரர்கூட கரண்டியோடு வந்து எடுத்துக்கொண்டு போனார்.

“வாங்கண்ணே! உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்திருக்கோம்,” என்றார் சொக்கநாதன்.

‘நடிக்கிறான்’ என்று நினைத்துக்கொண்டார் சொக்கலிங்கம்.

யாரோ ஒரு தூரத்துச் சித்தப்பா வந்து கையைப் பிடித்தார். “நீங்களும் செல்போன் வீடியோ போடுறீங்களாமே? நல்லது மாப்பிள்ளை. உங்க சகலையைப் பார்த்துக் கத்துக்கிட்டீங்களா?”

சொக்கலிங்கத்தின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. எடுத்தால் ஒரு அழுத்து. அவ்வளவுதான் வேலை. எதிரே அவர் மனைவி அங்கயற்கண்ணி தங்கையின் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கண் பூவில் இல்லை, இவர் சட்டைப்பையில் இருந்தது. குத்தி முடிஞ்சதும் என்றுதானே அம்மா சொன்னார் என்று கையை எடுத்துக்கொண்டார்.

பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் உட்கார வைத்தார்கள். தடாதகை என்று பேர். மொட்டைத் தலையில் சந்தனம். வந்து உட்கார்ந்ததும் அவர் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“வலிக்குமா பெரியப்பா?”

“கொஞ்சம்.”

மற்ற எல்லாரும் வலிக்காது என்று சொல்லியிருந்தார்கள். அவள் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு விரலை இன்னும் இறுக்கினாள்.

குத்தினார்கள். மண்டபமே அதிர்ந்தது. இரண்டாவது காதுக்கு அவர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அலறினாள். சட்டையிலேயே மூக்கைத் துடைத்தாள். முடிந்த பிறகும் நிறுத்தவில்லை.

“பாட்டு போட்டுக் காட்டுங்கண்ணே, நிறுத்திடுவா,” என்று சொக்கநாதன் தன் போனைத் திறந்து அவர் கையில் கொடுத்துவிட்டு யாரையோ வரவேற்கத் திரும்பினார்.

போன் கைக்கு வந்துவிட்டது. கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

சொக்கலிங்கம் ‘சொக்க’ என்று அடித்தார்.

சொக்கலிங்கம் இன்றைய வீடியோ.

சொக்கலிங்கம் பலகை எங்கே வாங்கலாம்.

சொக்கலிங்கம் மாதிரி தெளிவாகப் பேசுவது எப்படி.

சொக்கலிங்கம் சொன்னதில் தப்பு.

படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். வேறு எந்தச் சொக்கலிங்கமோ என்று ஒன்றைத் தட்டியும் பார்த்தார். அவர்தான். அவருடைய பலகைதான்.

“பாட்டு வரலையாண்ணே?” என்று எட்டிப் பார்த்த சொக்கநாதன் அப்படியே நின்றுவிட்டார்.

“அண்ணே... அது சும்மா... தொழில் விஷயமா...”

சொக்கலிங்கம் தன் போனை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“அடிப்பா. ‘சொக்க’ன்னு மட்டும் அடி.”

அடித்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நானாண்ணே?”

“வேற யாரு.”

“உங்களுக்கென்னண்ணே, நீங்க உட்கார்ந்த இடத்துலயே பேசினா போதும். நாலு பேர் பார்த்தாலும் நாலு பேருக்கும் புரியுது. நான் ஆட்டத்தை நிறுத்தினா ஒருத்தன் நிக்க மாட்டான். முழங்கால் விட்டுப்போச்சு. அந்தப் பலகையைப் பார்த்தாலே எனக்கு எரியும்ணே.”

“எனக்கு உன் வேட்டியைப் பார்த்தா எரியும்.”

சொக்கநாதன் சிரிக்கப் போனார். அதற்குள் அவர் கண் போனில் வேறு எதையோ பார்த்துவிட்டது.

“இது என்னண்ணே, ஒரு வீடியோ ‘வெளியிடவா’ன்னு கேட்டுக்கிட்டு நிக்குது?”

சின்னப் படம்தான். ஆனாலும் கேடயம் தெரிந்தது. பக்கத்தில் கபடிக்காரனும் தெரிந்தான்.

சொக்கநாதன் முகத்தில் ரத்தமே இல்லை. மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். தன் மனைவியைப் பார்த்தார்.

“அழிச்சிடு,” என்றார் சொக்கலிங்கம்.

“அண்ணே...”

“உன் கையாலேயே அழிச்சிடுப்பா.”

அழித்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“என் போனைக் கொடுங்கண்ணே.”

“பிள்ளைக்குப் பாட்டு போட வேண்டாமா?”

“ஒரு நிமிஷம் கொடுங்கண்ணே.”

வாங்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனார். முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அவரும் வெளியிடாமல் வைத்திருந்த எதையோ அழித்துவிட்டு வந்தார்.