தூமகேது கண் திறக்காத ஆட்டம்

முன்னொரு காலத்தில், பெயர் சொன்னாலும் யாருக்கும் தெரியாத ஒரு நாட்டில், மந்திரவாதிக் கதை என்றால் சோற்றை மறக்கிற ராஜா ஒருவன் இருந்தான். செங்கோடவர்மன் என்று பெயர். மாலையில் கதை கேட்பான், மதியத்தில் மந்திரக்கட்டம் என்கிற காய் நகர்த்தும் ஆட்டம் ஆடுவான். இந்த இரண்டையும் விட்டால் அவனுக்கு வேறு வேலை இருந்ததாகத் தெரியவில்லை.

கதையில் வருகிற மந்திரவாதி தூமகேது. ஊதினால் கடல் வற்றும், மறு ஊதலில் மலை பறக்கும். களைப்பே கிடையாது. கட்டத்தில் வருகிற மந்திரவாதியோ மரக்காய். ஒரு மந்திரம் போட ஒரு புளியங்கொட்டையைக் கீழே வைக்க வேண்டும். கொட்டை தீர்ந்தால், தன் மனைக்குத் திரும்பி இளைப்பாறும்வரை அவன் வெறும் கட்டைதான். யார் தன் இளவரசிக் காயை எதிர்க்கோட்டைக்குள் முதலில் சேர்க்கிறாரோ அவருக்கு ஜெயம்.

ஒரு நாள் கொட்டை தீர்ந்து ராஜா தோற்றான். ஜெயித்தவன் சபை விகடகவி காராளன். அங்கேதான் புத்தி கெட்டது அவனுக்கு. ராஜாவிடம் போய் ஜெயிப்பார்களா?

ராஜா காய்களைத் தட்டிவிட்டான். "தூமகேது என்றைக்காவது கொட்டை எண்ணினானா? இது என்ன பிச்சைக்காரச் சட்டம்!"

பக்கத்தில் அரண்மனைச் சோதிடர் வாமதேவர் இருந்தார். காராளன் வாங்குகிற ஒவ்வொரு பரிசும் அவர் வயிற்றில் நெருப்பு. அவர் குனிந்து சொன்னார்: "மன்னிக்க வேண்டும் மகாராஜா. தூமகேதுவே எதிரில் உட்கார்ந்தாலும் கொட்டையை வைத்து ஆடியே ஜெயிப்பேன் என்று இவன் ஊரெல்லாம் பேசித் திரிகிறான்."

காராளன் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. இல்லை என்று சொல்ல வாய் எடுப்பதற்குள் ராஜா எழுந்துவிட்டான்.

"நாளைக் காலை சபையில் ஆடுவோம். என் மந்திரவாதி கதையின் சட்டப்படி ஆடுவான். உன்னுடையவன் கொட்டையோடு ஆடட்டும். தோற்றால் உன் தலை உன்னுடையதல்ல."

மறுநாள் விடிந்தது. கஞ்சி ஆறிக் கிடந்தது. காராளன் தொடவில்லை.

"ஏங்க, போகாம இருந்துட்டா என்ன?" என்றாள் அவன் மனைவி வடிவு.

"போகலேன்னா இங்க வந்து வெட்டுவான். வாசல் வேற நாசமாகும்."

"விளையாட்டுப் பேச்சு பேசற நேரமா இது? அந்தத் தூமகேது எடுத்த எடுப்பிலேயே உங்க காயையெல்லாம் சாம்பலாக்கிட்டா?"

காராளன் எழுந்தான். வேட்டியை இரண்டு தரம் கட்டினான். இரண்டு தரமும் நழுவியது. வழியெல்லாம் தூமகேது கதைகளைத்தான் மனசுக்குள் ஓட்டிக்கொண்டு போனான். எந்தக் கதையிலும் தூமகேது தோற்றதில்லை. அதை நினைக்க நினைக்கக் கழுத்தில் ஈ ஊர்கிற மாதிரி இருந்தது. அரண்மனை வாசலை மிதிக்கும்போதுதான் ஒன்று தட்டியது. பலிக்குமோ பலிக்காதோ, வேறு வழியும் இல்லை.

சபை நிறைந்திருந்தது. கட்டத் துணியை விரித்தார்கள். காராளன் கைகூப்பினான்.

"மகாராஜா, கதையின் சட்டம் அடியேனுக்குச் சரியாகத் தெரியாது. தூமகேது சண்டை தொடங்கும் முன்பே வந்து, முன்வரிசையில் நின்று..."

"நிறுத்து!" ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கதையை யாராவது தப்பாகச் சொன்னால் அவனுக்குப் பொறுக்காது. "எந்த முட்டாள் சொன்னான் உனக்கு? தூமகேது குகையில் தவத்தில் இருப்பான்!"

"அப்படியா? சேனை தோற்றதும் எழுந்துவிடுவான், இல்லையா?"

"சேனை அழிந்தாலும் எழமாட்டான். நகரமே எரிந்தாலும் எழமாட்டான். இளவரசி எதிரி கையில் சிக்கி, 'தூமகேதுவே!' என்று அலறினால்தான் கண் திறப்பான். எல்லாக் கதையிலும் அப்படித்தான். சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியும்!"

சபையில் பலர் தலையாட்டினார்கள். வாமதேவருக்கு மட்டும் முகம் மாறியது. "மகாராஜா, வேண்டாம், அதை..." என்று ஆரம்பித்தார்.

"கதை உமக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

"அப்படியானால்," என்றான் காராளன், "மகாராஜாவின் மந்திரவாதி குகையில் இருக்கட்டும்." ராஜாவின் மந்திரவாதிக் காயை எடுத்துத் துணியின் மூலையில் வைத்தான்.

சோழி உருண்டது. காராளன் தன் இளவரசியை மெல்ல மெல்ல நகர்த்தினான். ராஜாவின் இளவரசி பக்கமே அவன் போகவில்லை.

ராஜா பொறுத்துப் பார்த்தான். "ஏனடா, என் இளவரசியைப் பிடியேன்!"

"எதற்கு மகாராஜா? அந்த அம்மா பாட்டுக்கு இருக்கட்டும்."

வாமதேவர் ராஜாவின் காதில் ஏதோ ஓதினார். கட்டத்தில் ஒரு சட்டம் உண்டு: காய்களில் சேவகனுக்கு நேர் எதிரில் எந்தக் காய் வந்து நின்றாலும் அவன் பிடித்தே ஆக வேண்டும். ராஜா தன் இளவரசியைத் தானே காராளனின் சேவகனை நோக்கி விரட்டினான். காராளன் சேவகனைப் பின்னுக்கு இழுத்தான். இளவரசி துரத்தினாள். சேவகன் ஓடினான். சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காராளனுக்குச் சிரிப்பு வரவில்லை. வேர்வை கண்ணில் இறங்கியது. சேவகன் மூலைக்கு வந்துவிட்டான். இனி ஓட இடமில்லை. அடுத்த உருட்டில் இளவரசி எதிரில் நிற்பாள், பிடித்தாக வேண்டும், தூமகேது எழுவான், எல்லாம் சாம்பல்.

காராளனிடம் மிஞ்சியது ஒரே ஒரு புளியங்கொட்டை. அதைக் கீழே வைத்தான்.

"உறக்க மந்திரம்."

"யார் மேல்?" என்றான் ராஜா.

"என் சேவகன் மேல்தான்." சேவகக் காயைப் படுக்க வைத்தான். "தூங்குகிறவன் எப்படிப் பிடிப்பான்?"

ராஜாவின் இளவரசி வந்து நின்றாள். சேவகன் தூங்கினான். காராளன் சோழியை எடுத்தான். இரண்டு விழுந்தால் கோட்டை. சோழி கை வேர்வையில் ஒட்டிக்கொண்டு விழவே மாட்டேன் என்றது. உதறினான். ஒன்று நிமிர்ந்தது. இன்னொன்று விளிம்பில் சுழன்று சுழன்று, நிமிர்ந்தது. அவன் இளவரசி கோட்டைக்குள் போனாள்.

ராஜா மூலையில் நிற்கிற தன் மந்திரவாதியைப் பார்த்தான். தூங்குகிற சேவகனையும், அவனிடம் சிக்கக் காத்துக்கொண்டு நிற்கிற தன் இளவரசியையும் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிறகு ராஜா வெடித்துச் சிரித்தான். தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "உலகத்தையே எரிக்கிறவன் என் பக்கம் இருந்தும், ஒருத்தி போய் 'என்னைப் பிடி, என்னைப் பிடி' என்று கெஞ்ச வேண்டியதாகிவிட்டதே! காராளா, கேள், என்ன வேண்டும்?"

காராளன் நாக்கைப் புரட்டிப் பார்த்தான். ஒட்டிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் தண்ணீர், மகாராஜா."

ராஜாவுக்கு மறுபடியும் சிரிப்பு. "சோதிடரே! என் தங்கச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடும். செம்பும் இனி அவனுக்கே."

வாமதேவர் கொண்டுவந்து நீட்டினார். காராளன் வாங்கி முகர்ந்து பார்த்தான். "முதலில் நீர் ஒரு வாய் குடியும் சுவாமி," என்றான். அவர் குடித்த பிறகுதான் குடித்தான்.