நடுவில் ஓடும் வெறும் தண்ணீர்

"சார், குழந்தையோட எண்ணை டாக்டர்கிட்ட சொல்லவா, வேண்டாமா?"

மெய்யம்மையின் விரல்கள் மேசை விளிம்பை விடாமல் பிடித்திருந்தன.

தேவநேசன் அந்தப் பொது ஆய்வகத்தின் தலைவர். வயதில் அவளைவிடச் சின்னவர். வேலை கற்றுக்கொடுக்கும்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

சுற்றுவட்டாரத்துக் கல்லூரிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சேர்த்து அங்கே இருப்பது ஒரே கருவி. ஒரு துளியைக் கொடுத்தால், அதற்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடும். யார் யாருடைய துளியோ ஒரே குழாய் வழியாகத்தான் போகும். அதனால் முந்தையது குழாயில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வெறும் தண்ணீரை ஓட்டுவார்கள். பிளாங்க் என்று அதற்குப் பெயர்.

காலையில் வரிசை நீளம். மெய்யம்மை பிளாங்கை விட்டுவிட்டாள்.

கோழித்தீவன ஆய்வுக்காரர்கள் அனுப்பிய சாறு முதலில் போனது. அதன் பின்னாலேயே, பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தையின் ரத்தம். புரதத்தில் இருக்கும் லூசின் என்ற பொருள் மிக அதிகம் என்றது கருவி.

டாக்டர் போனில் விளக்கியிருந்தார். லூசின் உண்மையிலேயே ஏறியிருந்தால் தாய்ப்பால்கூட அந்தக் குழந்தையின் மூளையைக் கெடுத்துவிடும். ஏறவில்லை என்றால், ஏற்கெனவே துவண்டு கிடக்கும் குழந்தையிடமிருந்து பாலைப் பறித்ததாகிவிடும். அடுத்த பால் நேரத்துக்குள் பதில் வேண்டும்.

"சொன்னாலும் பயமா இருக்கு சார். சொல்லாட்டியும் பயமா இருக்கு."

தேவநேசன், தீவனச் சாறு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அதை மறுபடி ஓட்டச் சொன்னார். பின்னாலேயே வெறும் தண்ணீர்.

ஓட்டினாள்.

தண்ணீரின் முறை வந்தது. திரையில் கோடு தட்டையாகப் போனது. போய்க்கொண்டே இருந்தது.

லூசின் வரும் இடத்தில் மெல்ல மேடு கட்டி எழுந்தது.

"கோழி இன்னும் குழாய்க்குள்ளதான் உட்கார்ந்திருக்கு," என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தையின் எண்ணில் கோழியுடையது எவ்வளவு, குழந்தையுடையது எவ்வளவு? இனி யாராலும் பிரிக்க முடியாது. ரத்தம் இன்னொரு ஓட்டத்துக்கு மிச்சம் இருந்தது. ஆனால் குழாயைக் கழுவி முடிப்பதற்குள் பால் நேரம் தாண்டிவிடும்.

போன் அடித்தது. டாக்டர்தான்.

அவள் எடுக்கவில்லை.

நின்றது. மறுபடி அடித்தது.

முகம் தெரியாத அந்தத் தாய்க்கு இந்நேரம் பால் கட்டத் தொடங்கியிருக்கும் என்று நினைத்தாள். அவளும் பெற்றவள்தான்.

கழுவி, திரும்ப ஓட்டி, சரியான எண் கைக்கு வந்ததும் போனை எடுக்கலாமே என்றாள். அதுவரை லைன் கிடைக்கவில்லை என்று டாக்டர் நினைத்துக்கொள்ளட்டும். இந்த வேலைக்காக எத்தனை வருடம் வீட்டில் காத்துக்கிடந்தாள் என்றும் சொன்னாள். வேண்டுமானால் சார் பேசட்டும் என்றாள்.

தேவநேசன் கழுவும் திரவத்தைப் பொருத்தினார். பொத்தானை அழுத்தினார். கருவி முனகத் தொடங்கியது.

பிறகு போனை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"நான் கழுவுறேன். நீங்க பேசுங்க."

"என்னத்தைப் பேசறது சார்? சொல்றதுக்கு எங்கிட்ட எண்ணே இல்லையே."

"அதைச் சொல்லுங்க அக்கா."