ஆவணியில் உதிரும் தோகை

அந்தக் காலத்தில் மயிலுக்குத் தோகை உதிராது. முளைத்தால் முளைத்ததுதான், சாகிறவரைக்கும் அதே தோகை. ஒரு பீலி முள்ளில் சிக்கி ஒடிந்துவிட்டால் அந்த இடம் வெறுமையாகவே கிடக்கும். அதனால் ஆண்மயில்கள் வேலி ஓரமாக நடக்காமல் பாதையின் நடுவில் நடக்கும். மேகம் கண்டால் ஆடும், முதல் தூறல் விழுந்ததும் ஒதுங்கிக்கொள்ளும். பறவைகளும் மனிதரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. மயில் பத்து வார்த்தை பேசினால் அதில் எட்டு தன் தோகையைப் பற்றித்தான் இருக்கும் என்று காடைகள் சொல்லிச் சிரிக்கும்.

பொடவுக்கரடு என்று ஒரு மொட்டைப் பாறைமலை. பொடவு என்றால் குகை. மலைக்குக் கிழக்கே கீழப்பட்டி, மேற்கே மேலப்பட்டி. கிழக்குப் பொடவில் சடைச்சியம்மை என்ற துறவி இருந்தாள். தலைமுடி சடை திரண்டு முழங்கால் வரைக்கும் தொங்கும். மேற்குப் பொடவில் நெயினா பாவா என்ற பக்கீர் இருந்தார். பச்சைத் தலைப்பாகை, தோளில் ஒரு பை, கையில் பிச்சைக்கு ஓர் ஓடு, அவ்வளவுதான் அவர் உடைமை. சடைச்சி கிழக்கே பார்த்து உட்காருவாள். பாவா மேற்கே பார்த்துத் தொழுவார். இரண்டு முதுகுகளுக்கும் நடுவில் ஒரே மலை. வந்து பல வருஷம் ஆகியும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

இருவரையும் தெரிந்தது அந்த மலையில் இருந்த ஒரு மயிலுக்குத்தான். காலையில் சடைச்சியின் வாசலில் ஆடிவிட்டுச் சாமை தின்னும். மாலையில் பாவாவின் வாசலில் ஆடிவிட்டு ரொட்டித் துணுக்கு தின்னும். கீழப்பட்டியார் அதை முருகனின் வாகனம் என்றார்கள். மேலப்பட்டியார் அதைச் சுவனத்துப் பறவை என்றார்கள். இரண்டுமே மயிலுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் ஒரு குறை. சடைச்சியும் பாவாவும் அதன் தோகையை ஒருநாள்கூட வாய்விட்டுப் புகழவில்லை.

மயில் கூர்ந்து கவனிக்கும். சடைச்சி உருத்திராட்ச மணியையும் பாவா தஸ்பீகு மணியையும் ஒரே மாதிரிக் கட்டைவிரலால்தான் தள்ளினார்கள். கொஞ்ச நேரம் உதடு அசையும். பிறகு உதடு நின்றுபோய் விரல் மட்டும் போய்க்கொண்டிருக்கும். பிறகு விரலும் நிற்கும். அப்போது எவ்வளவு விரித்து ஆடினாலும் பயனில்லை, ஆள் அங்கே இல்லை என்று மயிலுக்குத் தெரியும்.

ஒருநாள் அது பொறுக்கமாட்டாமல் சடைச்சியிடம் தன் தோகை எப்படி இருக்கிறது என்று கேட்டேவிட்டது.

"நீ சுனையில குனியிறப்ப உன் தோகை நிழல் விழுந்து தண்ணியே தெரிய மாட்டேங்குதுப்பா. கொஞ்சம் ஒதுங்கினா அடிமணல் வரைக்கும் தெரியும்" என்றாள் சடைச்சி.

மயிலுக்கு இது சடைச்சியின் பொறாமையாகத் தோன்றியது. அன்று மாலையே பாவாவிடம் போய் அதே கேள்வியைக் கேட்டது. பாவா தம் ஓட்டைத் தூக்கிக் காட்டினார். "வாப்பா, இது காலியா இருக்கப்போயி யாரோ கஞ்சி ஊத்துறாங்க. நீ உன்னையே கொண்டு ரொம்பி நிக்கிறே. மேல இருக்கிறவன் வந்தா எங்கே ஊத்துவான்?"

மயில் யோசித்தது. இரண்டு பேரையும் மோதவிட்டால் தன்னை யார் பக்கம் இழுப்பது என்ற போட்டி வரும், போட்டி வந்தால் புகழ்ச்சி தானாக வரும். மறுநாள் சடைச்சியிடம் போய், மலைக்கு அந்தப்பக்கம் ஒரு பாவா இருக்கிறார், அவர் இன்னின்ன மாதிரிச் சொல்லுகிறார், எவ்வளவு தப்பு பார் என்று ஓட்டுக் கதையைச் சொன்னது. சடைச்சி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "நேத்து நான் சொன்னதையே என்கிட்ட வந்து சொல்றியே. ஓட்டை மட்டும் எங்கேயிருந்து கொண்டாந்தே?"

சுனைக் கதையைப் பாவாவிடம் சொன்னபோது அவர் தாடியைத் தடவிக்கொண்டு, அந்த ஆத்தா எப்போது இந்தப்பக்கம் வந்து ஒட்டுக்கேட்டுவிட்டுப் போனாள் என்று கேட்டார்.

மயில் விடவில்லை. பாவா கும்பிடுகிறவருக்கு உருவமே கிடையாதாம் என்று சடைச்சியிடம் மூட்டிவிட்டது. தானும் தொடக்கத்தில் ஓர் உருவத்தை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்ததாகவும், இருக்க இருக்க அது கரைந்துபோய் இப்போது என்னவென்று சொல்லத் தெரியவில்லை என்றும் அவள் சொன்னாள். சடைச்சி கடவுளை விட்டுவிட்டுத் தன்னையே தேடுகிறாளாம் என்று பாவாவிடம் மூட்டிவிட்டது. தேடுகிற ஆள் தொலைந்துபோகும் வரைக்கும் தேடச் சொல், தாமும் அங்கேதான் திணறிக்கொண்டிருப்பதாகச் சொல் என்று பாவா சொல்லியனுப்பினார்.

இப்படி ஒரு வருஷம் மலையைச் சுற்றிச் சுற்றி மயிலுக்குக் கால் வலித்ததுதான் மிச்சம். அதன் ஜோடிப் பெட்டைமயில் புதருக்குள்ளிருந்து தலையை நீட்டிக் கேட்டது: "என்னங்க, சண்டை மூண்டுச்சா? இல்ல, ரெண்டு பேரும் உங்களையே தூதுக்காரரா வச்சுக்கிட்டாங்களா?"

அந்தச் சமயம் மூன்று வருஷமாக மழையில்லை. சித்திரையில் தலைகாட்டிப் போகவேண்டிய அம்மை அந்த வருஷம் ஆடியில் வந்தது. புழுதிக்காற்றோடு வந்து இரண்டு பட்டியிலும் வீடு தவறாமல் படுத்தது. ஆவணி பிறந்து ஒருநாள் காலையில் மயில் போனபோது கிழக்குப் பொடவு காலியாக இருந்தது. மாலையில் மேற்குப் பொடவும் காலி. பார்க்க ஆளில்லாமல் ஆட மனமில்லாத மயில், இருவரையும் தேடிக்கொண்டு மேலப்பட்டிக்கு இறங்கியது.

ஊர் ஓரத்தில் பாய் நெய்கிற மைமூனின் வீடு. அவள் மகள் செய்னம்புவுக்கு மூன்று வயது. உடம்பில் ஊசி குத்த இடமில்லாமல் முத்து போட்டிருந்தது. சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளாமல் இருக்க இரண்டு கையிலும் துணி சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஒருபக்கம் பாவா தலைப்பாகையை அவிழ்த்து நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். மறுபக்கம் சடைச்சி உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்தாள், யார் கூப்பிட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. இருவரும் முதல்முதலாகப் பார்த்துக்கொண்டது அந்தப் பிள்ளையின் பாய்க்கு மேலேதான். நீண்ட நாள் பழகியவர்களைப் போல, தண்ணியை இப்படித் தள்ளுங்க பாவா, பிள்ளையைக் கொஞ்சம் நிமித்துங்க ஆத்தா என்ற அளவில்தான் அவர்கள் பேச்சு இருந்தது.

அரிப்புக்குத் தடவ வேப்பங்குழை வேண்டும். அதுதான் கிடைக்கவில்லை. பஞ்சத்தில் இருந்த வேம்பையெல்லாம் ஒடித்து ஆடுகளுக்குப் போட்டுவிட்டார்கள். ஈரத்துணி பட்டால் முத்து ஒட்டிக்கொண்டு உரிந்தது. பனையோலை விசிறி அனலைத்தான் வாரி வீசியது. பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டி, இப்போது சத்தமில்லாமல் வாயை மட்டும் திறந்து அழுதது.

மயில் சன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தது. பிள்ளையின் கண் அதன் தோகையில் விழுந்தது. திறந்த வாய் மூடியது. அத்தனை வருஷமாக யாரிடம் கேட்டும் கிடைக்காத பார்வை அது. மயிலுக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே வந்து இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று திரும்பி நின்றது. பீலியின் நுனி பிள்ளையின் கையில் பட்டது. மெத்தென்று, முத்து உடையாமல், அரிப்பு அடங்க. செய்னம்பு கண்ணை மூடினாள். மூன்று நாளில் அவள் தூங்கியது அப்போதுதான்.

மயில் அப்படியே நின்றது. பின்புறத்தைப் பாய்க்குக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, பகல் முழுக்க. கால் மாற்றினால் பிள்ளை முனகியது. நகர்ந்தால் விழித்தது. அடுத்த வீட்டிலிருந்து ஒரு தாய் வந்து வாசலில் நின்று, தன் மகனுக்கும் கொஞ்ச நேரம் அந்த மயிலை விடுவீர்களா என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கீழப்பட்டியிலிருந்து மலையைச் சுற்றி இரண்டு பேர் வந்துவிட்டார்கள். மயில் ஒன்று, வீடுகள் நாற்பது.

பாவாவும் சடைச்சியும் அதனிடம் தோகையைக் கேட்கவில்லை. கேட்டுவிட்டால்கூட நன்றாக இருக்கும், முடியாது என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்று மயிலுக்கு இருந்தது. கடைசியில் அதுவே கேட்டது. "பாவா, பிடுங்கினா மறுபடி முளைக்குமா?"

"தெரியாது வாப்பா" என்றார் பாவா.

மயில் சடைச்சியைப் பார்த்தது.

"எனக்கும் தெரியாதுப்பா. முளைக்கும்னு பொய் சொல்ல மாட்டேன்."

"தோகை இல்லேன்னா நான் யாரு?"

பிள்ளைக்கு வலிக்காத மாதிரி அதன் கைத்துணியைத் தளர்த்திக்கொண்டிருந்தாள் சடைச்சி.

மயில் முற்றத்துக்கு வந்தது. கழுத்தை வளைத்து முதல் பீலியை அலகால் பிடித்து இழுத்தது. உயிர் போகிற வலி. இரத்தம் துளிர்த்தது. அந்தப் பீலியைக் கொண்டுபோய் வாசலில் நின்ற தாயின் கையில் வைத்தது. பிறகு அடுத்தது. பத்து வரைக்கும் ஒவ்வொன்றும் போகும்போது இது என் நெஞ்சுக்கு நேராக இருந்தது, இது வெயிலில் பச்சையாக மின்னுவது என்று அதற்கு அடையாளம் தெரிந்தது. ஐம்பதுக்குப் பிறகு அடையாளம் தெரியவில்லை. பொழுது சாய்வதற்குள் நூற்றைம்பதும் போயிற்று. பாவா ஒரு கற்றையைக் கட்டினார், சடைச்சி ஒரு கற்றையைக் கட்டினாள். பாவா கீழப்பட்டிக்குப் போனார். சடைச்சி மேலப்பட்டியிலேயே வீடு வீடாகப் போனாள். யார் எந்த ஊருக்கு என்று அவர்கள் கலந்து பேசிக்கொண்டதாகவே தெரியவில்லை. செய்னம்பு பிழைத்தாள். இன்னும் பல பிள்ளைகள் பிழைத்தார்கள்.

மயில் மலையேறி ஒரு காரைப்புதருக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. நான்கு நாள் வெளியே வரவில்லை. ஐந்தாம் நாள் பெட்டை தேடி வந்தது.

"வெளிய வாங்க. எனக்கும்தான் தோகை இல்ல. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

மயில் தலையை மட்டும் வெளியே நீட்டியது. பிறகு சொன்னது: "வலி இருந்துச்சு, தெரிஞ்சுது. இப்ப பசிக்குது, அதுவும் தெரியுது. தோகைதான் நான்னு இத்தனை நாள் இருந்தேன். அது போயிட்டுது. போனதைப் பார்த்துக்கிட்டு ஒண்ணு இங்கேயே இருக்கு. அது போகலை."

"இதை உங்களுக்கு யார் சொன்னது? ஆத்தாவா, பாவாவா?"

மயில் யோசித்துப் பார்த்தது. யார் சொன்னது என்று நினைவுக்கு வரவில்லை. பெட்டை அதன் முதுகில் ஒட்டியிருந்த காய்ந்த இரத்தத்தை அலகால் கோதிவிட்டது. பிறகு இரண்டும் சேர்ந்து இரை தேடப் போயின. வேலி ஓரத்தில்தான் நல்ல புழு கிடைக்கும் என்று மயிலுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஐப்பசியில் மழை வந்தபோது அது ஒதுங்கவில்லை. நனைந்துகொண்டு நின்றது.

தை பிறக்கும் முன்னே முதுகில் ஒரு குறுகுறுப்பு. பிறகு பச்சை நுனிகள். மாசிக்குள் பழையபடி முழுத் தோகை. ஊரே பார்க்க வந்தது. மயில் ஆடியது, நன்றாகவே ஆடியது. ஆனால் யார் பார்க்கிறார்கள் என்று நடுவில் கண்ணைத் திருப்பவில்லை. அடுத்த ஆவணியில் போன வருஷத்துப் பிள்ளைகளை நினைத்து, மறுபடி அம்மை வந்தால் ஆகட்டும் என்று கழுத்தை வளைத்துப் பீலியைப் பிடித்தபோது இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. பழுத்த இலையைப் போல அது தானாக அலகில் வந்தது. வலி இல்லை. அதைப் பார்த்து மற்ற ஆண்மயில்களும் தங்கள் தோகையைத் தொட்டுப் பார்த்தன. அவற்றுக்கும் கழன்று வந்தது.

அப்படி உதிர்ந்து கிடந்ததை மைமூன் பொறுக்கிக் கட்டிப் பாவாவிடம் கொடுத்தாள். கீழப்பட்டியார் பொறுக்கிக் கட்டி முருகன் சன்னதியில் வைத்தார்கள்.

அன்று முதல்தான் ஆவணி பிறந்தால் மயில் தன் தோகையை வழியெல்லாம் போட்டுவிட்டுப் போகிறது. தர்காவில் பக்கீர் ஓதிவிட்டுத் தலையில் தடவுவதும், முருகனுக்கு முன்னால் காவடியில் ஆடுவதும் அந்தப் பீலிதான். எது எந்தக் கைக்குப் போகிறது என்று மயில் திரும்பிப் பார்ப்பதில்லை.