பிள்ளையார் கட்டிய வீட்டு வரி

புளியங்குறிச்சியில் ஆவுடையப்பன், கோமதிநாயகம், குத்தாலம் என்று மூன்று அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டில் இருந்தார்கள். தங்கமானவர்கள். குளித்துத் திருநீறு பூசாமல் காப்பி குடிக்க மாட்டார்கள். யோசிக்கிற வேலையை மட்டும் சாமி அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

ஒருநாள் பேரூராட்சி பில் கலெக்டர் வாசலில் வந்து நின்றார்.

"வீட்டு வரி பாக்கி நிக்கி. வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டலேன்னா குடிதண்ணிக் குழாயைப் பிடுங்கிருவோம்."

வீட்டில் கிணறு கிடையாது. அந்தக் குழாய் ஒன்றுதான்.

"எங்க வீட்டுல நாங்க இருக்கதுக்கு எதுக்கு சார் வரி?" என்றான் மூத்தவன் ஆவுடையப்பன்.

"தெருவிளக்கு யாரு போடுதா? சாக்கடையை யாரு அள்ளுதா? எல்லா வீட்டுக்கும் வரி உண்டும்வே. கோயிலுக்குத்தான் கிடையாது. உம்ம வீட்டுல என்ன, சாமியா குடியிருக்கு?"

கிண்டலாகச் சொல்லிவிட்டு அவர் வண்டியை மிதித்துப் போய்விட்டார். இவர்கள் அதை யோசனையாக எடுத்துக்கொண்டார்கள்.

"நல்ல மனுசன். நம்ம கேக்காமலே வழி சொல்லிட்டுப் போறாரு" என்றான் நடுவுள்ளவன் கோமதிநாயகம்.

சாயங்காலமே ஒரு கல் பிள்ளையாரை வாங்கிவந்து நடுவீட்டில் உட்கார வைத்தார்கள். கடைக்குட்டி குத்தாலம் பூசாரி. வரிக்கென்று எடுத்து வைத்திருந்ததோடு கையிலிருந்த பணத்தையும் சேர்த்து உண்டியலில் காணிக்கையாகப் போட்டு, "வரி வராம நீதான் பாத்துக்கணும்" என்று தோப்புக்கரணமும் போட்டார்கள்.

பாய் விரித்தபோதுதான் சிக்கல்.

"சாமிக்கு நேரா காலை நீட்டலாமா அண்ணே?"

"கூடாதுல."

"தலையை நீட்டினா?"

"கோயில்ல எவம்ல பாய் விரிச்சுப் படுப்பான்? சுருட்டுல."

ஆட்டுக் கொட்டகையில் போய்ப் படுத்தார்கள். கோயிலில் கருவாடு பொரிக்கக் கூடாதென்று அடுப்பும் அங்கே போனது. மத்தியானமானால் குத்தாலம் நடை சாத்திப் பூட்டிவிடுவான். தண்ணீர் வருவதும் அந்த நேரம்தான். குழாய் திறந்து கிடப்பதோ பின்கட்டில், பூட்டுக்கு அந்தப் பக்கம். தண்ணீர் சலசலவென்று சாக்கடைக்குப் போகிற சத்தத்தை மூன்று பேரும் வெளியே நின்று கேட்டார்கள்.

"திறந்து விடேம்ல, தொண்டை காயுது."

"பூசை முடிஞ்சாச்சு. சாயங்காலம் வாங்க" என்றான் பூசாரி. அவனுக்கும் தாகம்தான்.

வெள்ளிக்கிழமை பில் கலெக்டர் வந்தார்.

"வரி எங்கவே?"

"இது வீடு இல்ல சார், கோயில். செருப்பைக் கழட்டுங்க."

அவர் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "வாஸ்தவம். வீடே இல்லேன்னா வீட்டுக் குழாய் எதுக்கு?" என்று குழாயைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று பேரும் பேரூராட்சி அலுவலகத்துக்கு ஓடினார்கள்.

"எங்க பிள்ளையாருக்கு அபிஷேகத்துக்குத் தண்ணி வேணும். குழாய் குடுங்க."

"வரி கட்டின ரசீது இருந்தாத்தான் குழாய்" என்றார் குமாஸ்தா.

"சாமிக்குத்தான் வரி கிடையாதே?"

"அப்போ சாமிக்குக் குழாயும் கிடையாது."

மூன்று பேரும் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் குத்தவைத்து ஆலோசித்தார்கள்.

"வரியை நம்ம கட்டக் கூடாதுல. அதுக்குத்தான இவ்வளவு பாடும்" என்றான் ஆவுடையப்பன்.

"நம்ம எங்க கட்டுதோம்? உண்டியல்ல கிடக்கது சாமி பணம். சாமியே கட்டட்டும்" என்றான் குத்தாலம்.

அந்த நியாயம் எல்லோருக்கும் பிடித்துப்போனது. உண்டியலை உடைத்தார்கள். பாக்கி, அபராதம், புதுக் குழாய்க்கு முன்பணம் என்று மொத்தமும் காலி. வீட்டுக்காரர் பெயர் பிள்ளையார், தகப்பனார் பெயர் பரமசிவம் என்று மனுவில் எழுதிக் கொடுத்ததைக் குமாஸ்தா மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். பணம் சரியாக இருந்தால் அங்கே யாரும் யாரையும் சந்தேகப்படுவதில்லை.

அன்றைக்கு நல்ல மழை. கொட்டகை நாலு பக்கமும் ஒழுகியது. நடுவீட்டில் பிள்ளையார் சொட்டு நனையாமல் உட்கார்ந்திருந்தார்.

"பாவம் பிள்ளையாரு. சொந்த வீடுன்னா எம்புட்டுச் செலவு!" என்றான் கோமதிநாயகம்.

ஆவுடையப்பன் ஆட்டைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கவைத்துவிட்டு, ஈரப் பாயில் காலை நீட்டினான்.

"நல்லவேளைல, நமக்குன்னு ஒரு வீடு இல்ல."