மூன்று கோடு இல்லாத பிடி

மயிலேறும்பெருமாள் கடைசல் பிடித்துக் கொடுத்த சாமானை வாங்கினவர்கள் சட்டென்று கீழே வைக்க மாட்டார்கள். திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் தொட்டில் காலோ, பூரிக்கட்டையோ, உளிப் பிடியோ, அடிமுனையில் மூன்று கோடு இருந்தால் அது அவர் பட்டறைச் சரக்கு என்று அர்த்தம். அந்த மூன்று கோட்டை இழுக்காமல் அவர் எதையும் வெளியே அனுப்பியதில்லை.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் பட்டறையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு, ஆற்றங்கரையில் இருந்த வடிவம்மையின் மடத்தில் சீடராகச் சேர்ந்தார். வடிவம்மைக்கு அவருடைய மூத்த மகள் வயதுதான் இருக்கும். குரு சீடரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். சீடர் குருவை அம்மா என்பார். மடத்தில் யாருக்கும் இது விநோதமாகப் படவில்லை.

வடிவம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு காலையில் பெருமாள் தம் மனத்தை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டார்.

"அம்மா, வீடு, தொழில், பேரு எல்லாத்தையும் விட்டுட்டு வந்துட்டேன். இந்த 'நான்' மட்டும் கூடவே வந்துட்டு. அது எப்ப போகும்?"

வடிவம்மை தலை நிமிரவில்லை.

"ஆவுடையம்மாளுக்கு பிரஷுக்கு ஒரு பிடி செஞ்சு குடுங்க, அண்ணாச்சி."

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஆனாலும் மர வேலை என்றதும் பெருமாளுக்குக் கை துறுதுறுத்தது.

ஆவுடையம்மாள் சுதை வேலைக்காரி. மடத்தை ஒட்டிய கோவில் வாசலில் ஆளுயரத்துக்கு மேல் ஓர் அம்மனைச் சுண்ணாம்பும் மணலும் குழைத்து எழுப்பி, வண்ணமும் அடித்து முடித்திருந்தாள். சேலைக் கரையும் கண்ணும் மட்டும் பாக்கி. ஆனால் விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கிடந்தன. ஒல்லிக் குச்சி பிரஷை இறுக்கிப் பிடித்து நாலு இழுப்பு இழுப்பாள், பிறகு அதைத் தண்ணீர்ச் சட்டியில் எறிந்துவிட்டுக் கையைப் பிசைவாள்.

அந்த ஊர்ச் சுதைக்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. கண் எழுத எடுத்த பிரஷை இரண்டு கண்ணும் முடிகிறவரை கீழே வைக்கக் கூடாது. வைத்துவிட்டால் மிச்சத்தை வேறு ஆள்தான் எழுத வேண்டும். கண் திறக்க நாள் குறித்தாயிற்று. கோவில் நிர்வாகி நல்ல மனுஷர்தான், ஆனால் அவர் டவுனிலிருந்து இன்னொரு ஓவியரை வரச்சொல்லி வைத்திருந்தார். பெற்ற பிள்ளைக்கு வேறொருத்தி வந்து பெயர் வைப்பது போல ஆவுடையம்மாளுக்கு வயிறு எரிந்தது.

பெருமாள் உற்சாகமாக இறங்கினார். ஈட்டி மரத்தில் கடைந்து, அரக்கு ஏற்றி, சிவப்பும் மஞ்சளுமாகப் பளபளக்க வைத்து, அடியில் மூன்று கோடும் இழுத்துக் கொடுத்தார். மடமே கூடி நின்று மெச்சியது. ஆவுடையம்மாள் அம்மனின் சேலைக் கரையை எழுத மூங்கில் சாரத்தில் ஏறினாள். வெயில் ஏற ஏறக் கை வியர்த்தது. அரக்குப் பிடி அயிரை மீனாக வழுக்கிக் கீழே நின்ற நிர்வாகியின் வெள்ளை வேட்டியில் நீல வண்ணத்தோடு விழுந்தது. பெருமாளின் முகம் சுண்டிவிட்டது.

"யாரு கைக்கு செஞ்சீங்க, அண்ணாச்சி?" என்று கேட்டார் வடிவம்மை.

"ஆவுடையம்மா கைக்குத்தான்."

"அவ கையப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. மறுநாளே ஈரக் களிமண்ணை எடுத்துக்கொண்டு போய் ஆவுடையம்மாளைப் பிடிக்கச் சொன்னார். விரல்கள் பதிந்த இடத்தை அச்சுப் பிசகாமல் மரத்தில் குடைந்தார். இந்த முறை அரக்கு இல்லை. மூன்று கோடு மட்டும் இருந்தது, அது இல்லாமலா?

பிடியைத் தொட்டதும் ஆவுடையம்மாளின் கை அதில் போய்ச் சொகுசாக உட்கார்ந்துகொண்டது. பெருமாளுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஆனால் அம்மனின் சேலைக் கரையில் பாதி எழுதுவதற்குள் அவள் கையை உதறிக்கொண்டு இறங்கிவிட்டாள். விரல்கள் விறைத்துப்போயிருந்தன.

பெருமாள் கோபத்தோடு மடத்துக்கு வந்தார்.

"ஒவ்வொரு வெரலுக்கும் அளவெடுத்து பள்ளம் குடுத்திருக்கேன்மா. இதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன செய்யணும்?"

வடிவம்மை துணி அலச ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார். பெருமாளையும் கூட்டிப்போய் ஈர மணலில் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னார். பிறகு எழச் சொன்னார். மணலில் பெருமாளின் தொடையும் கணுக்காலும் அச்சாகப் பதிந்திருந்தன.

"இது உங்க அளவுதானே? அதே பள்ளத்துல அசையாம உக்காந்திருங்க. நான் அலசிட்டு வந்துருதேன்."

முதலில் சுகமாகத்தான் இருந்தது. துணி பாதி அலசி முடியுமுன் ஒரு கால் மரத்தது. பிறகு இடுப்பு பிடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. காலை மாற்றிப் போட்டதும் மணல் அச்சு சரிந்து போயிற்று.

"ஏன் அசைஞ்சீங்க?" என்று கேட்டார் வடிவம்மை.

"கால் மரத்துப்போச்சும்மா."

வடிவம்மை சேலையைப் பிழிந்தார். பெருமாள் அந்தச் சரிந்த மணலையே பார்த்தார். பிறகு வேட்டியில் ஒட்டியதைக்கூடத் தட்டாமல் கோவிலுக்கு நடந்தார்.

அன்று அவர் சாரத்தில் ஏறி, வண்ணச் சிரட்டையை ஏந்திக்கொண்டு ஆவுடையம்மாள் பக்கத்தில் நின்றார். அம்மனைப் பார்க்கவில்லை. அவள் கையை மட்டும் பார்த்தார். அந்தக் கை ஓர் இடத்தில் நிற்கவில்லை. நீளக் கோட்டுக்குப் பிடியின் அடிமுனை உள்ளங்கைக்குள் போனது. சின்னக் கோட்டுக்கு மூன்று விரல் நுனிக்கு வந்தது. வளைவுக்கு வளைவு பிடி உருண்டது. குடைந்து வைத்த பள்ளங்கள் அத்தனையும் அந்த விரல்களை மறித்தன.

நடுவில் அவள் வலி தாங்காமல் நிறுத்திக் கையை விரித்தாள். உள்ளங்கை நடுவே சிவப்பாகக் கன்றிப்போய் மூன்று கோடு பதிந்திருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க, அண்ணாச்சி. அந்தக் கோடுதான் லேசா அறுக்கு" என்றாள் அவள்.

பெருமாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. யாராவது நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அம்பாசமுத்திரத்துக்குப் போய்ப் பட்டறையில் உட்கார்ந்தார். கல்யாண முருங்கைக் கட்டை கேட்டார். வேலிக்கு நடுகிற மரம் அது, கடைசல்காரன் தொடமாட்டான். பிள்ளைகள் சிரித்தார்கள். பெருமாளுக்கு வேண்டியது கனமில்லாத மரம். விரல்கள் இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லாதபடி நடுவில் பருமனாகவும், நுனிக்குப் போகப் போக ஒடுங்கலாகவும் கடைந்தார். பள்ளம் இல்லை, பளபளப்பும் இல்லை. உள்ளங்கையில் முட்டுகிற அடிமுனையைக் கோழிமுட்டை போல உருட்டினார்.

வேலை முடிந்தது. உளி தன்னால் அடிமுனைக்குப் போனது.

மரம் சுழன்றுகொண்டே இருந்தது. கோட்டை இழுக்கக் கண்ணிமைக்கிற நேரம் போதும். இழுக்காவிட்டால் இதை யார் கடைந்தார்கள் என்று ஈ காக்காய்க்குத் தெரியாது. பெருமாள் உளியை எடுத்துக் கீழே வைத்தார்.

கண் திறக்கிற அன்று கோவில் வாசலில் எள் போட இடமில்லை. டவுன் ஓவியர் தன் பிரஷோடு ஓர் ஓரமாக நின்றார். ஆவுடையம்மாள் சாரத்தில் ஏறி, கும்பிட்டு, பிரஷை எடுத்தாள். மேளம் நின்றது.

இடது கண் ஒரே மூச்சில் வந்தது. வலது கண்ணின் மேல் இமையில் பாதி போனபோது கை நின்றது. கூட்டம் உறைந்துவிட்டது. நிர்வாகி டவுன் ஓவியரைத் திரும்பிப் பார்த்தார்.

ஆவுடையம்மாளின் விரல்கள் பிடியில் மெல்ல நகர்ந்தன. நுனியிலிருந்து நடுவுக்கு வந்து, அங்கே சாவகாசமாக இடம் பிடித்துக்கொண்டன. கோடு விட்ட இடத்திலிருந்து வழுவாமல் ஓடியது. கடைசியாகக் கருமணி. அம்மன் கண்ணைத் திறந்து ஊரைப் பார்த்தாள்.

குலவை ஆற்றின் அக்கரை வரைக்கும் கேட்டது. முதலில் கையெடுத்துக் கும்பிட்டவர் அந்த டவுன் ஓவியர்தான். நிர்வாகி மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேளக்காரர்கள் அடித்த அடியில் சாரமே ஆடியது. எல்லாரும் அம்மனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கண் எழுதிய பிரஷைப் பூவோடு ஆற்றில் விட வேண்டும். ஆவுடையம்மாள் இறங்கி, சாரத்துக்குப் பின்னால் சிரட்டைகளை ஒதுக்கித் தேடிக்கொண்டிருந்தாள். சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். தண்ணீர்ச் சட்டிக்குள் இடக்கையை விட்டுத் துழாவினாள். பெருமாளும் வடிவம்மையும் அங்கே வந்தபோது அவள் நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பும் வேர்வையுமாக இருந்தது.

"அண்ணாச்சி, பிரஷப் பாத்தீங்களா? எங்க வச்சேன்னே தெரியல."

அது அவளுடைய வலக்கையில் இருந்தது. ஆறாவது விரல் போல, அவள் பிடித்திருப்பதுகூடத் தெரியாமல் இருந்தது.

கீரை ஆய்ந்த அன்று தாம் கேட்ட கேள்வி பெருமாளுக்கு ஞாபகம் வந்தது. இத்தனை காலக் கடைசலில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவர் அறிந்ததில்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, சொல்வதற்கு வாயைத் திறந்தார்.

வடிவம்மை அவர் தோளைத் தொட்டார்.

"சொல்லிராதீங்க, அண்ணாச்சி. இன்னுங் கொஞ்ச நேரம் தேடட்டும்."